கீற்று, மின்கம்பி, படிக்கட்டு

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கம் பத்மபிரியா திருமண மண்டபத்தில் கல்யாணத்துக்காகப் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. வீடியோ எடுப்பதற்காக இழுத்திருந்த மின்கம்பியில் ஏற்பட்ட கோளாறே காரணம். மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஸ்ரீரங்கத்துத் தீ நடந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். எட்டாண்டுகளுக்குள் காவிரிப் படுகையின் மூன்று ஊர்களில் மூன்று தீ; மூன்றிலும் எரிந்தது கீற்று.

கீற்று ஏன் இவ்வளவு வேகமாக எரிகிறது? ஒரு பொருள் எரிய முதலில் அது சூடாகி ஆவியை வெளிவிட வேண்டும். அந்த ஆவிதான் சுடராகிறது. கனமான மரக்கட்டை சூடாக நேரமெடுக்கும். காய்ந்த தென்னங்கீற்றோ மெல்லியது, ஈரமற்றது, இருபுறமும் காற்றுப் படுவது. ஓரிடத்தில் பற்றினால், மேலெழும் வெப்பக்காற்று அடுத்த கீற்றை முன்கூட்டியே காயவைத்துத் தயாராக்கிவிடும். கீற்றைக் கட்டிய கயிறும் எரிந்து அறுந்துபோவதால், கூரை எரிந்தபடியே கீழே இருப்பவர்கள் தலையில் விழுகிறது.

பொறி எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். அன்றைய வீடியோ விளக்குகள் ஹாலஜன் பல்பு கொண்டவை. ஆயிரம் வாட் விளக்கு ஒன்றே நாலு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அதைத் தாங்காத மெல்லிய ஒயரில் மாட்டினால் ஒயர் சூடாகி, மேலுறை இளகிவிடும். இதைவிட ஆபத்தானது இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றிய தளர்ந்த இணைப்பு. அந்த ஓர் இடத்தில் மின்தடை கூடி, வெப்பம் அங்கேயே குவிகிறது. ஆனால் ஒயரில் ஓடும் மின்சாரத்தின் அளவு கூடுவதில்லை. அதனால் மிகை மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி ஸ்விட்ச் விழாது. மின்கசிவைக் கண்டுபிடிக்கும் ஈஎல்சிபியும் பேசாமலிருக்கும். பாதுகாப்புக் கருவி இருக்கிறதே என்ற நம்பிக்கையிலேயே தீ தொடங்கிவிடும். ஆகவே ஒவ்வோர் இணைப்பையும் சோதிக்கிற எலெக்ட்ரீஷியனுக்கு எம்சிபியோ ஈஎல்சிபியோ மாற்றாகாது.

கல்யாண மண்டபத்தை நாம் விருந்துக்குப் போகும் இடமாகவே நினைக்கிறோம். அது பலர் வேலை செய்யும் இடமும்கூட. பந்தல்காரர், மைக்செட்காரர், வீடியோகிராபர், மேடை அலங்காரக்காரர், சமையல் மாஸ்டர் என ஒவ்வொருவரும் தம் ஆட்களோடும் தம் ஒயர்களோடும் வருகிறார்கள். அவரவர் வேலைக்கு அவரவர் பொறுப்பு. ஆனால் மொத்தத்துக்கும் யார் பொறுப்பு? பணியிடத் தீப்பாதுகாப்பின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். மொத்த மின்சுமையைக் கணக்கிடவும், வாசலை மறைத்து அடுக்கிய நாற்காலிகளை அகற்றச் சொல்லவும் அதிகாரம் உள்ள ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பந்தல்களுக்கென்றே ஐஎஸ் 8758 என்ற இந்தியத் தரவிதி உண்டு. அதைப் படித்திருக்க வேண்டியவர் அவர்தான்.

இப்போது ஏசி மண்டபங்கள் பெருகிவிட்டன. கீற்று போன இடத்தில் தெர்மோகோலும் பாலியஸ்டர் துணியும் வந்திருக்கின்றன. இவை எரிந்தபடியே உருகிச் சொட்டும், கரும்புகையைக் கக்கும். மூடிய கூடத்தில் சுடரை விடப் புகையே முதலில் கொல்லும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். புகை மேலே தேங்குவதால், குனிந்தோ தவழ்ந்தோ வெளியேறுவதே நல்லது.

சமையற்கட்டுக்கு வேறு கணக்கு. எல்பிஜி காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து தூரத்து அடுப்பைத் தேடிப் போகும். எரியும் எண்ணெய்க் கொப்பரையில் தண்ணீர் ஊற்றினால் நீர் நொடியில் ஆவியாகி எண்ணெயைத் தீயோடு வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, உலோக மூடியால் கொப்பரையை மூடிவிட வேண்டும்.

சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவி நல்ல துணைதான். ஆனால் ஆறு கிலோ பொடி அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். தொடக்கத்திலேயே சிறு தீயை அணைக்கத்தான் அது. ஊசியைப் பிடுங்கி, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடவலமாக வீச வேண்டும். கூரைக்குத் தீ ஏறிவிட்டால் கருவியைப் போட்டுவிட்டு ஆட்களை வெளியேற்றுவதே வேலை. அப்போது மாடியில் இருப்பவர்களின் உயிர் காப்பது படிக்கட்டு மட்டுமே. ஒரே படிக்கட்டுள்ள மாடியில் நூற்றுக்கணக்கானோரைக் கூட்டுவதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

திருச்சியிலோ வேறெங்கோ மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் சாப்பாட்டுக் கூடத்தின் அளவை மட்டும் கேட்காதீர்கள். இரண்டாவது படிக்கட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதன் கதவு பூட்டில்லாமல் திறக்கிறதா என்று நீங்களே தள்ளிப் பாருங்கள். தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் நிற்கிறதா, முகூர்த்த நாளில் எலெக்ட்ரீஷியன் மண்டபத்திலேயே இருப்பாரா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் சரியான பதில் கிடைத்த பிறகு முன்பணம் கொடுங்கள்.