டோஃபுவும் அதனைச் சமைக்கும் முறையும்

மக்கள் உண்ணும் பொருள்கள் பலவற்றிற்கு இயற்கையிலேயே தனிச்சுவை உண்டு. மாங்காய் புளிக்கும், பாகற்காய் கைக்கும், கரும்பு இனிக்கும். சமைப்போர் அச்சுவையைக் கூட்டியோ குறைத்தோ உணவாக்குவர். ஆயின், தனக்கெனக் குறிப்பிடத்தக்க சுவை யாதும் இன்றி, தன்னோடு சேர்ந்த பொருளின் சுவையையே தன் சுவையாக ஏற்றுக்கொள்ளும் உணவுப்பொருளும் உலகில் உண்டு. சீனத்திலும் ஜப்பானிலும் மக்கள் பல நூற்றாண்டுகளாக உண்டுவரும் டோஃபு அத்தகையது. அதனை முதன்முதலாகச் சமைப்போருள் பலர், "இதில் சுவையே இல்லையே" என்று வெறுத்து ஒதுக்கிவிடுகின்றனர். பொருளின் இயல்பை அறியாது சமைத்தலால் வரும் குறை இது. அவ்வியல்பையும், அதற்கேற்பச் சமைக்கும் முறையையும் இப்பாடத்திற் காண்போம்.

டோஃபு என்பது சோயா மொச்சையின் பாலைத் திரித்து, கட்டியாக்கி எடுத்த பொருளாகும். தோற்றத்தில் அது பன்னீரை ஒத்திருக்கும். நம் நாட்டுக் கடைகளில் அதனைச் 'சோயா பன்னீர்' என்னும் பெயராலும் விற்பர். டோஃபு என்பது ஜப்பானியர் ஒலிப்பு. சீனர் அதனைத் 'தௌஃபு' என்பர். அச்சொல்லின் முற்பகுதி அவரையினத்தைக் குறிக்கும். பிற்பகுதி கெட்டுத் திரிந்ததைக் குறிக்கும். பால் தன் நிலை மாறியவிடத்து நாமும் 'பால் திரிந்தது' என்கிறோம் அன்றோ? பொருள் பிறந்த முறையே அதற்குப் பெயராயிற்று.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சீனத்தில் வாழ்ந்த லியு ஆன் என்னும் இளவரசரே இதனை முதலிற் செய்தவர் என்பது சீனரிடையே வழங்கும் மரபுரை. கி.பி. 10ஆம் நூற்றாண்டில் தாவ் கு என்பார் எழுதிய நூலில் இதன் பெயர் காணப்படுகிறது. ஜப்பானில், நாரா நகரத்துக் கசுகா ஆலயத்தின் 1183ஆம் ஆண்டுப் படையற் குறிப்பில் இஃது இடம்பெற்றுள்ளது. புலால் உண்ணாத பௌத்தத் துறவியர் இதனை மடங்களிற் போற்றி வளர்த்தனர். உலர்ந்த சோயா மொச்சையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதமே ஆகும். எனவே, புலாலை விலக்கிய துறவிக்கும், புலால் வாங்கப் பொருளில்லாத ஏழைக்கும் உடலை வளர்க்கும் புரதத்தை டோஃபு ஒருங்கே வழங்கியது.

அது செய்யப்படும் முறையை அறிந்தால் அதன் இயல்பு தானே விளங்கும். சோயா மொச்சையை இரவு முழுவதும் நீரில் ஊறவைப்பர். ஊறிப் பருத்த மொச்சையை நீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிப் பால் எடுப்பர். அப்பாலை நன்கு காய்ச்சுதல் இன்றியமையாதது. பச்சை மொச்சையில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. அவை வெப்பத்தால் ஆற்றல் இழக்கும். காய்ந்த பாலின் சூடு சற்றே தணிந்தபின், திரிக்கும் பொருளை நீரிற் கரைத்துச் சேர்ப்பர். கடல்நீரிலிருந்து உப்பை எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரை ஜப்பானியர் இதற்குப் பயன்படுத்துவர். சீனருட் பலர் ஜிப்சம் என்னும் கனிமத்தின் பொடியைச் சேர்ப்பர். உடனே பால் திரிந்து, வெண்மையான திரளைகளும் தெளிநீருமாகப் பிரியும். துணி விரித்த பெட்டியில் திரளைகளை இட்டு, மேலே பாரம் ஏற்றினால், நீர் வடிந்து கெட்டி டோஃபு கிடைக்கும். பாலை நீர் வடிக்காது அப்படியே உறையச் செய்தால் பட்டுப்போன்ற இளம் டோஃபு கிடைக்கும்.

கெட்டி டோஃபுவிலும் பெரும்பகுதி நீரே. அந்நீரே புதிதாய்ச் சமைப்போர்க்குப் பகை. நுண்துளைகள் எல்லாம் நீரால் நிறைந்திருக்கும்போது, உப்பும் உறைப்பும் உட்புக இடம் ஏது? ஈரத்தோடு காய்ந்த எண்ணெயில் இட்டால் எண்ணெய் தெறித்துக் கையைச் சுடும். கட்டியும் வாணலியில் ஒட்டி உடையும். ஆதலின், முதலில் நீரை நீக்குக. பின்னர்ச் சுவையை ஊட்டுக. கெட்டி டோஃபுவைப் பொரிப்போர் மறவாது கொள்ளவேண்டிய தலையாய விதி இதுவே.

இனி, செயலிற் புகுவோம். 400 கிராம் எடையுள்ள கெட்டி டோஃபு ஒன்றைத் தூய துணியிற் சுற்றித் தட்டில் வைக்க. அதன்மேல் மற்றொரு தட்டை வைத்து, ஏறக்குறைய ஒரு கிலோகிராம் பாரம் ஏற்றி, அரைமணி நேரம் விடுக. பாரம் மிகுந்தால் கட்டி நசுங்கும். கையாற் பிழிந்தால் உதிரும். நீர் வடிந்தபின் விரற்கடை அளவுள்ள துண்டுகளாக நறுக்கி, எஞ்சிய ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, ஒரு மேசைக்கரண்டி சோளமாவைத் தூவிப் புரட்டுக. வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, அது காய்ந்ததும் துண்டுகளை நெருக்கமின்றிப் பரப்புக. அடிப்பக்கம் பொன்னிறம் பெறும்வரை, மூன்று நான்கு நிமிடம், கிளறாதிருத்தல் வேண்டும். பதறிய காரியம் சிதறும் என்பது இங்கே கண்கூடு. கிளறக் கிளறத் துண்டுகள் உடையும்; பொறுத்திருந்தால் அவை எளிதில் வாணலியை விட்டு எழும்.

எல்லாப் பக்கமும் சிவந்தபின் துண்டுகளைத் தனியே எடுத்துவைக்க. அதே எண்ணெயில் நசுக்கிய பூண்டையும் துருவிய இஞ்சியையும் வதக்கி, இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், நான்கு மேசைக்கரண்டி நீர், சிறிது சர்க்கரை, சிறிது மிளகுத்தூள் ஆகியவற்றைச் சேர்க்க. கொதி வந்ததும் துண்டுகளை இட்டுப் புரட்டுக. சாறு சுண்டித் துண்டுகளிற் பற்றியதும், வெங்காயத்தாளை நறுக்கித் தூவி இறக்குக. சோயா சாஸில் உப்பு மிகுதி. ஆதலின் சுவைத்துப் பார்த்த பின்னரே உப்புச் சேர்த்தல் நன்று.

இளம் டோஃபுவுக்கு இம்முறை ஒவ்வாது. பாரத்தையும் கிளறலையும் அது தாங்காது. ஜப்பானின் கியோட்டோ நகரில், நான்சென்ஜி என்னும் பௌத்த மடத்தைச் சூழ்ந்த உணவுச்சாலைகள் 'யுடோஃபு' என்னும் உணவுக்குப் பேர்பெற்றவை. கடற்பாசி இட்ட நீரை மெல்லச் சூடாக்கி, டோஃபுத் துண்டுகளை அதில் இட்டு, உள்ளே சூடேறியதும் எடுத்து, சோயா சாஸில் தோய்த்து உண்பர். நீர் தளதளவெனக் கொதித்தல் கூடாது. கொதித்தால் டோஃபு துளைபட்டு இறுகிவிடும்.

சீனத்துச் செங்டு நகரத்தார் காரத்தை விரும்புபவர். 1862ஆம் ஆண்டையொட்டி அந்நகரில், சென் என்னும் குடும்பத்து அம்மையார் ஒருவர் உணவுக்கடை நடத்தினார் என்றும், எண்ணெய்ச் சுமை தூக்கும் தொழிலாளர் அங்கு வந்து உண்டனர் என்றும் கூறுவர். அவர் முகத்தில் அம்மை வடு இருந்தமையால், அவர் சமைத்த உணவு 'மாபோ தௌஃபு' எனப் பெயர்பெற்றதாம். மிளகாய் சேர்த்துப் புளிக்கவைத்த அவரை விழுது, கொத்திறைச்சி, நாவை மரக்கச் செய்யும் ஒருவகை மிளகு ஆகியவற்றோடு சமைக்கும் அவ்வுணவு இன்று உலகெங்கும் பரவியுள்ளது. புலால் உண்ணாதார் இறைச்சிக்கு மாறாகக் காளான் சேர்ப்பர். மென்மையான துண்டுகளைக் குழம்பில் இடுமுன், உப்பிட்ட வெந்நீரிற் சில நிமிடம் வைத்து எடுத்தால் அவை எளிதில் உடையா.

டோஃபு விரைவிற் கெடும் பொருள். எஞ்சியதை நீரில் மூழ்க வைத்து, குளிர்பதனப் பெட்டியில் இட்டு, நாள்தோறும் நீரை மாற்றி, மூன்று நான்கு நாள்களுள் உண்டுவிடுக. புளித்த நாற்றமோ பிசுபிசுப்போ தோன்றின் எறிந்துவிடுக. சோயா ஒவ்வாதவர் இதனை அறவே விலக்கவேண்டும்.

1782ஆம் ஆண்டில் ஜப்பானின் ஒசாகா நகரில் 'டோஃபு ஹியாகுசின்' என்னும் சமையல் நூல் வெளிவந்தது. டோஃபு ஒன்றைக்கொண்டே ஆக்கத்தக்க நூறு உணவுகளை, எளியது முதல் மிக அரியது வரை ஆறு வகுப்புகளாகப் பிரித்து அந்நூல் கூறுகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் சமைக்கும் 'மீ கோரெங்' என்னும் நூடுல்ஸ் உணவிலும் பொரித்த டோஃபு இடம்பெறுகிறது. செல்லும் நாட்டின் சுவையைத் தனதாக்கிக்கொள்ளும் பொருளுக்கு எந்நாடும் சொந்த நாடே.

மாணவர்களே! சுவையற்றது என்று இகழப்படும் ஒரு பொருளை நூறு சுவையுடையதாக்கியது மனிதரின் பொறுமையும் அறிவுமே. டோஃபு உங்கள் கைக்கு வருமாயின், வீட்டுப் பெரியோர் துணையோடு முதலில் அதன் நீரை வடித்துப் பாருங்கள். அவ்வரைமணி நேரப் பொறுமையின் பயனை உண்ணும்போது உணர்வீர்கள்.