வலியைச் சொல்லும் ஆறு முகங்கள்



ஓடி விளையாடும்போது கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக் கொள்கிறீர்கள். அம்மா ஓடி வந்து, "ரொம்ப வலிக்குதா கண்ணு?" என்று கேட்கிறார். "ம்... வலிக்குது" என்பீர்கள். எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டால்? உயரத்தை அளக்க டேப் இருக்கிறது. காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. வலியை அளக்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஒரு நர்ஸின் கதையைக் கேளுங்கள்.

1981-ம் ஆண்டு. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சா நகரம். அங்கே ஒரு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் டோனா வாங் என்ற நர்ஸும், கோனி பேக்கர் என்ற பெண்மணியும் பணியாற்றினார்கள். சிகிச்சைக்கு வந்த குழந்தைகளின் பயத்தைப் போக்கி, விளையாட்டுக் காட்டித் தைரியம் ஊட்டுவது கோனியின் வேலை.

தீக்காயத்தின் கட்டைப் பிரித்துப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது கடுமையாக வலிக்கும். அதோடு முடிந்ததா? இல்லை! காயம் ஆறும்போது தோல் சுருங்கி இறுகும். அசைக்காமலே வைத்திருந்தால் கை மடங்கியபடியே நின்றுவிடும். அதனால்தான் பிசியோதெரபிஸ்டுகள் கை, கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி தருகிறார்கள். வலி அதிகமாக இருந்தால் குழந்தை கையைத் தொடவே விடாது. வலி எவ்வளவு என்று தெரிந்தால்தான் அதற்கேற்ற மருந்தைக் கொடுத்து, பயிற்சியையும் செய்ய வைக்க முடியும்.

ஆனால், சின்னக் குழந்தைகளுக்கு எண்களால் வலியைச் சொல்ல வரவில்லை. பத்து வரை சரியாக எண்ணத் தெரியாத குழந்தை, "என் வலி ஏழு" என்று எப்படிச் சொல்லும்?

டோனாவும் கோனியும் குழந்தைகளிடமே உதவி கேட்டார்கள்! ஆறு வெற்று வட்டங்கள் போட்ட காகிதத்தைக் கொடுத்தார்கள். முதல் வட்டத்தில் வலியே இல்லாத முகம், கடைசி வட்டத்தில் மிக மோசமான வலி உள்ள முகம், நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக வலி கூடும் முகங்கள் என வரையச் சொன்னார்கள். அந்தப் படங்களைப் பார்த்து ஓர் ஓவியர் ஆறு முகங்களை வரைந்து கொடுத்தார். முதல் முகம் நன்றாகச் சிரிக்கும். போகப் போகச் சிரிப்பு மறையும். கடைசி முகம் கண்ணீர் விடும். இப்போது அவற்றின் கீழே 0, 2, 4, 6, 8, 10 என்று எண்கள் இருக்கின்றன.

படம் நன்றாக இருந்தால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? அதுதானே ஆராய்ச்சி! மருத்துவமனையில் இருந்த 3 முதல் 18 வயது வரையுள்ள 150 பேரிடம் எண், வண்ணம், முகம் என ஆறு வகை அளவுகோல்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். வலியை அளப்பதில் எந்த ஒன்றும் தனியாக முந்தவில்லை. ஆனால் எல்லா வயதினருக்கும் மிகவும் பிடித்தது முகங்கள்தான். 1988-ல் இந்த முடிவுகள் நர்ஸ்களுக்கான ஓர் ஆய்விதழில் வெளிவந்தன. டோனா வாங் 2008-ல் காலமானார். 'வாங் - பேக்கர் முகங்கள்' இன்றும் பல நாட்டு மருத்துவமனைகளில் பயன்படுகின்றன.

இதில் ஒரு முக்கிய விதி உண்டு. நோயாளியின் முகத்தைப் பார்த்து நர்ஸே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. குழந்தைதான் தொட்டுக் காட்ட வேண்டும். இன்னொன்று, கடைசி முகத்தைக் காட்டுவதற்கு அழுதுகொண்டு இருக்க வேண்டும் என்பதில்லை. அழாமல் இருப்பவருக்கும் தாங்க முடியாத வலி இருக்கலாம் அல்லவா?

பேசத் தெரியாத கைக்குழந்தை என்ன செய்யும்? அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நர்ஸ்களும் டாக்டர்களும் 1997-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அமைதி அடைகிறதா என்ற ஐந்தையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் பத்து!

குழந்தைகளே! "தைரியமான பிள்ளை அழமாட்டான்" என்று யாராவது சொல்வார்கள். ஊசிக்குப் பயந்து சிலர் வலியை மறைப்பதும் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள். எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது, எப்போது கூடுகிறது என்று டாக்டரிடமும் நர்ஸிடமும் உள்ளபடி சொல்லுங்கள். வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ உடம்புக்கு முடியவில்லையா? ஒரு காகிதத்தில் ஆறு முகங்களை வரைந்து, "உனக்கு எந்த முகம்?" என்று கேளுங்கள். அந்தப் பிஞ்சு விரல் காட்டுவதை அம்மாவிடம் உடனே சொல்லுங்கள். செய்வீர்கள்தானே?