கம்ப்ரசர் இல்லாத குளிர்பெட்டி சிக்கனமா?

வெப்பம் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்திற்குத் தானாகச் செல்லாது. அவ்வாறு செலுத்த வேண்டுமாயின் வேலை செய்தாக வேண்டும் என்கிறது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. ஒரு ஜூல் வேலைக்கு எத்தனை ஜூல் வெப்பம் வெளியேறுகிறது என்பதே குளிர்பெட்டியின் திறமைக்கு அளவுகோல்.

காரில் எடுத்துச் செல்லும் சிறு குளிர்பெட்டிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுள் பலவற்றில் கம்ப்ரசரும் இல்லை, வாயுவும் இல்லை. மின்னோட்டம் செலுத்தினால் இரு உலோகங்களின் சந்தி குளிர்வதை 1834-இல் பிரெஞ்சு அறிஞர் பெல்டியர் கண்டறிந்தார். 1838-இல் லென்ஸ் அவ்வாறே ஒரு துளி நீரை உறையவும் வைத்தார்! இன்று உலோகத்திற்குப் பதிலாக பிஸ்மத் டெல்லுரைடு என்னும் குறைகடத்தித் துண்டுகள் பயன்படுகின்றன.

தொல்லையும் அத்துண்டுகளிலேயே உள்ளது. ஒரு முகம் குளிர்ந்திருக்க, சில மில்லிமீட்டர் தள்ளி மறுமுகம் சூடேறி நிற்கிறது. வெளியேற்றிய வெப்பத்தில் ஒரு பங்கு துண்டின் வழியே திரும்பி வருகிறது. போதாக்குறைக்கு மின்தடையாலும் வெப்பம் பிறக்கிறது. மின்சாரத்தை நன்கு கடத்தி, வெப்பத்தை மட்டும் தடுக்கும் பொருள் அரிது.

வெளியே 35 டிகிரி, உள்ளே 5 டிகிரி என்று கொள்வோம். கார்னோ வகுத்த உச்ச வரம்பு 278/30, அதாவது சுமார் 9. வீட்டுக் கம்ப்ரசர் பெட்டி ஏறத்தாழ 2 வரை எட்டுகிறது. பெல்டியர் பெட்டியோ அரையைத் தொடுவதற்கே திணறுகிறது.

என் தாயாரின் இன்சுலினை வைக்க எதை வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது நான் ஒரு கணக்குப் போட்டேன். 60 வாட் பெல்டியர் பெட்டி ஓயாமல் ஓடினால் நாளொன்றுக்கு 1.44 யூனிட், ஆண்டுக்கு 525 யூனிட். பத்துப் பதினைந்து லிட்டர் இடத்துக்கு இவ்வளவு செலவு! நட்சத்திரக் குறியீடு பெற்ற 180 லிட்டர் கம்ப்ரசர் பெட்டிக்கு ஆண்டுக்கு 200 யூனிட்டே போதும். தேவையான குளிர் வந்ததும் அது தானே நின்றுவிடும்.

செலவைவிட முக்கியமானது ஒன்று உண்டு. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மலிவான பெல்டியர் பெட்டி வெளி வெப்பத்தைவிட 20 டிகிரி அளவே குறைக்கும். மே மாதத்து 38 டிகிரியில் உள்ளே 18! மின்சாரம் நின்றாலோ, அதே துண்டுகள் வழியாக வெப்பம் உள்ளே புகும். ஆகவே சிறிய கம்ப்ரசர் பெட்டியையே தவணையில் வாங்கினோம்.

பெல்டியர் துண்டுக்கு ஏற்ற இடம் வேறு. லேசர் டையோடு, வானியல் ஒளிப்படக் கருவி போன்றவற்றில் வெளியேற்ற வேண்டிய வெப்பம் சில வாட்டுகளே. அதிர்வின்றி, நுட்பமாக வெப்பநிலையைக் காக்க அங்கே கம்ப்ரசரால் இயலாது.