ஒரு மலையும் ஐந்து பண்ணைகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஒரிகன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் ஏறக்குறைய 50 மைல் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் ஸ்டீன்ஸ் மலையை மேற்குப் பக்கமாக அணுகுகிறவன், தான் மலையேறுவதையே உணராதவனாய், சேஜ் புதர்களையும் ஜூனிப்பர் மரங்களையும் ஆஸ்பென் தோப்புகளையும் கடந்து 9,700 அடிக்கு மேற்பட்ட உச்சியை அடைந்து, அங்கே காலடியில் நிலம் சட்டென்று முடிந்துபோய், 5,000 அடிக்கும் கீழே ஆல்வர்ட் பாலைவனம் வெளுத்துக் கிடப்பதைக் கண்டு பிரமித்து நிற்பான். இந்த மலையில் ஏறத்தாழ 170,000 ஏக்கரை, 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி ஜனாதிபதி கிளின்டன் கையொப்பமிட்ட ஒரு சட்டம் வனாந்தரமாக்கிற்று.

வனாந்தரத்தைச் சட்டம் ஆக்குவதாவது என்று நம்மவர் வியக்கலாம். தமிழ் விவிலியத்தால் நமக்குப் பழக்கமான அந்தச் சொல்லுக்கு மனிதன் கைவிட்ட இடம் என்ற சாயையே உண்டு. அமெரிக்கச் சட்டத்திலோ அது மனிதன் வேண்டுமென்றே விலகி நிற்க ஒப்புக்கொண்ட இடம். ஹோவர்ட் ஜானிசர் என்ற எழுத்தாளர் வரைந்து, அறுபதுக்கு மேற்பட்ட முறை திருத்தப்பட்டு, எட்டாண்டுக் காலம் காங்கிரஸில் இழுபட்ட மசோதா, அவர் இறந்து நான்கு மாதங்களுக்குப் பின், 1964 செப்டம்பர் 3-ஆம் தேதி சட்டமாயிற்று. அன்று 54 பிரதேசங்களில் சுமார் 91 லட்சம் ஏக்கர் அதற்குள் அடங்கியது. இன்று 11 கோடி ஏக்கருக்கு மேல், அதில் பாதிக்கு மேற்பட்டது அலாஸ்காவில். சாலை கூடாது, மோட்டார் வண்டி கூடாது, நிலையான கட்டடம் கூடாது, சைக்கிள்கூடக் கூடாது. ஆனால் சட்டம் பிறக்கும் முன்பே மாடு மேய்ந்துகொண்டிருந்த இடத்தில் அது தொடர்ந்து மேயலாம். மேற்கத்திய மாநிலங்களின் வாக்குகளுக்காகக் கொடுத்த விலை அது.

ஆயினும் வரைபடத்தில் கோடு கிழிப்பது எளிது. கோட்டுக்குள் யாருடைய நிலம் கிடக்கிறது என்பதில்தான் சிக்கல். வறண்ட அந்நாட்டில் குடியேற வந்தவர்கள் முதலில் கைப்பற்றியது ஓடைக்கரைகளையும் புல்வெளிகளையுமே. எஞ்சிய வறண்ட பரப்புத்தான் அரசாங்கத்திடம் தங்கிற்று. ஆகவே பொது நிலத்தின் நடுவே, துணியில் இட்ட ஒட்டுகளைப் போல, தனியார் நிலங்கள் நின்றன. 1964 சட்டத்தின் ஐந்தாம் பிரிவு இதை அறிந்தே, வனாந்தரத்தால் முற்றிலும் சூழப்பட்ட நிலத்துக்கு உரியவருக்குப் போக்குவரத்துக்கு வழி கொடு, இல்லையேல் அதே மாநிலத்தில் ஏறத்தாழச் சம மதிப்புள்ள அரசு நிலத்தை மாற்றாகக் கொடு என்கிறது. நம் பத்திரப் பதிவு அலுவலகங்களில் பரிவர்த்தனைப் பத்திரம் என்கிறார்களே, ஏறக்குறைய அதேதான்.

ஸ்டீன்ஸ் மலையில் அந்தப் பரிவர்த்தனை நடந்த விதம் சுவையானது. சமரசம் ஏற்படாவிட்டால், 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜனாதிபதியே அதைத் தேசிய நினைவிடமாகப் பிரகடனம் செய்துவிடக்கூடும் என்பதை, பொது நிலங்களைப் பரிபாலிக்கும் இலாகாவின் செயலாளர் புரூஸ் பாபிட் ஒளிக்கவில்லை. நான்காண்டுகளுக்கு முன் யூட்டாவில் அப்படித்தான் நடந்திருந்தது. அந்த அச்சம் பண்ணைக்காரர்களையும் வனப்பற்றாளர்களையும் இரு கட்சிப் பிரதிநிதிகளையும் ஒரே மேஜைக்கு அழைத்து வந்தது. ஐந்து பண்ணைகள் மலைமேலிருந்த சுமார் 18,000 ஏக்கரை விட்டுக் கொடுத்தன. அதற்கு ஈடாக அவை பெற்றது தாழ்வான பகுதியில் சுமார் 104,000 ஏக்கரும், ஒரு தொகை ரொக்கமும். கைமாறாக, வனாந்தரத்துக்குள் 97,000 ஏக்கரளவில் மேய்ச்சலே ஒழிந்தது. சட்டத்தின் வாசகமே மாடுகளை விலக்கியது இதுவே முதன்முறை என்பர்.

ஒன்றுக்கு ஐந்துக்கு மேல் கொடுப்பதா என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரணமாக நடக்கும் பரிவர்த்தனையில் இரு தரப்பு மதிப்பும் சமமாக வேண்டும். குறைவதை, அரசு நிலத்தின் மதிப்பில் நூற்றுக்கு 25-க்கு மேற்படாத ரொக்கத்தால் ஈடு செய்யலாம். காங்கிரஸே நேரில் சட்டம் இயற்றினால் இந்தத் தராசு அதைக் கட்டுப்படுத்தாது. அதே 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான், காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம், இத்தகைய பரிவர்த்தனைகளில் பொது ஜனங்கள் நஷ்டப்பட்டதுண்டென்று கூறி, இம்முறையையே நிறுத்துவது பற்றி யோசிக்கச் சொல்லியிருந்தது. எனினும் ஏக்கரை ஏக்கரால் மட்டும் அளப்பது உழவன் செய்யாத காரியம். ஊற்றுள்ள புல்வெளி ஓர் ஏக்கரும் புதர்மண்டிய வறள்நிலம் ஓர் ஏக்கரும் எந்தச் சந்தையிலும் ஒன்றல்ல. இந்தப் பேரம் விலை உயர்ந்ததே; ஆனால் தவறான பேரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்றுகிற குறை வேறு. இந்த மேஜையில் பேசப்பட்ட உரிமைகளெல்லாம் குடியேறியவர்களிடமிருந்து தொடங்கியவை. அதற்கு முன்னே இப்பிரதேசத்தில் வடக்குப் பையூட் மக்கள் வாழ்ந்தார்கள். 1872-இல் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட மால்ஹர் பூமியும், 1878-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் பறிபோய், 1879-இன் தொடக்கக் குளிரில் அவர்கள் தொலைவிலுள்ள யாக்கமாவுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். வனாந்தரத்துக்கு இலக்கணம் சொல்லும்போது, தீண்டப்படாத என்ற பொருள்படும் சொல்லைத் தவிர்த்து, தளைப்படாத என்ற பொருள்படும் அரிய சொல்லையே பிடிவாதமாக வைத்தார் ஜானிசர். அது எவ்வளவு நல்லதாயிற்று என்பது இங்கே விளங்குகிறது.

சட்டம் வந்தபின்னும் வழக்கு ஓயவில்லை. மலையின் வடபுறத்தில் தனியார் நிலமொன்றில் காற்றாலைகள் நிறுவி, மின்கம்பிகளைப் பாதுகாக்கப்பட்ட பிரதேசத்தின் வழியாகக் கொண்டுபோகும் திட்டம் எழுந்தது. சேஜ் குரூஸ் என்னும், காட்டுக்கோழியை ஒத்த பறவை குளிர்காலத்தில் அவ்விடத்தில் தங்குவதில்லை என்று அதிகாரிகள் முடிவு கட்டியிருந்தார்கள். அங்கே போய்ப் பார்த்தல்ல, அண்டையிலிருந்த இரண்டு இடங்களில் பறவை இல்லை என்று எண்ணிக்கொண்டு. அந்த அண்டை இடங்களில் ஒன்றிலேயே குளிர்காலக் கணக்கெடுப்பில் நான்கு பறவைகள் தென்பட்டிருந்தன என்பதைச் சுட்டி, 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சுற்றுச்சூழல் ஆய்வைக் குறையுள்ளதென்று தீர்த்தது.