பங்கீட்டு நீதி

சேலம் சந்திப்பு எனப் பெயர் பூண்டு நம் சூரமங்கலத்தில் விளங்கும் புகைவண்டி நிலையத்தை அறியாதார் இலர். 1860-களின் தொடக்கத்திலேயே இவ்வழியாக இருப்புப்பாதை அமைந்துவிட்டது. அங்ஙனமிருந்தும், 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் சேலம் ஜில்லா உற்ற துயரம் சொல்லுந்தரமன்று. 1871 ஆம் ஆண்டின் குடிமதிப்பில் 19,66,995 ஆக இருந்த ஜனத்தொகை, 1881 இல் 15,99,595 ஆகக் குறைந்தது. பத்தாண்டிற் பெருகவேண்டிய மக்கட்டொகை, மாண்டாரும் ஊர்விட்டகன்றாருமாய் மூன்றரை இலட்சத்துக்கு மேல் அருகிப்போயிற்று.

தானியம் கொண்டுவரப் பாதை இருந்தது. ஆயினும் யாருக்கு, எவ்வளவு, எம்முறையில் வழங்குவதென்னும் வினாவே உயிரையும் சாவையும் தீர்மானித்தது. 1877 இல் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமே போதும் என அளவைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார அதிகாரியாகிய டாக்டர் கார்னிஷ், அவ்வளவு உழைப்பவன் உடலைத் தாங்காதென்று வன்மையாக மறுத்தார். சில திங்களில் அவ்வளவு உயர்த்தப்பட்டது. பசித்தவன் வயிற்றை நோக்காது கருவூலத்தை நோக்கி அளந்தமையே ஆண்டு நேர்ந்த பிழை.

அவ்வினாவே இன்று உலகளாவியதாய் எழுந்து நிற்கின்றது. செல்வ நாடுகள் நெடுங்காலமாய் எரித்த நிலக்கரியாலும் எண்ணெயாலும் பெருகிய கரியமில வாயு, புவியை வெப்பமுறச் செய்கின்றது. அதன் விளைவாகிய வறட்சி, வெள்ளம், கடற்பெருக்கு ஆகியவற்றுக்கு ஈடுகொடுக்குமாறு ஏரியைத் தூர்வாருதல், கரையை உயர்த்துதல், வறட்சி தாங்கும் பயிரை நாடுதல் முதலியவற்றைத் தகவமைப்பு என்பர். இதற்கு ஏழை நாடுகளுக்குப் பொருளுதவி செய்வதாக 1992 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையிலேயே செல்வ நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆனால் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2025 இல் வெளியிட்ட கணக்கின்படி, 2035 அளவில் ஆண்டுதோறும் வேண்டப்படுவது 31,000 முதல் 36,500 கோடி டாலர். 2023 இல் வளரும் நாடுகளுக்குப் பொதுநிதியாக வந்ததோ ஏறத்தாழ 2,600 கோடி டாலர். பன்னிருவர் பசிக்கு ஒருவர்க்குரிய சோறே வந்துளது. அதனை எவ்வாறு பகிர்வது?

நாட்டுக்கு நாடு சமமாகப் பகிர்க என்பது ஒரு முறை. கியோட்டோ உடன்படிக்கையின் வழித்தோன்றிய தகவமைப்பு நிதியம் இம்முறையைத் தழுவி, எந்நாட்டுக்கும் ஒரே உச்சவரம்பை விதித்தது. தொடக்கத்தில் ஒரு கோடி டாலராயிருந்த அவ்வரம்பு 2021 இல் இரண்டு கோடியாயிற்று. இதனை 140 கோடிக்கு மேற்பட்ட மக்களையுடைய இந்தியாவுக்குப் பகுப்பின் தலைக்கு இரண்டு ரூபாயும் தேறாது. பதினாயிரத்துச் சொச்சம் மக்களையுடைய துவாலுத் தீவுக்குப் பகுப்பின் தலைக்கு ஆயிரம் டாலருக்கு மேலாகும்.

அற்றேல், தலையெண்ணிப் பகிரலாமே என்பார் உளர். அதுவும் பொருந்தாது. என்னை? இந்தியாவும் சீனாவும் பெரும்பங்கைப் பெற்றுவிட, சிறு தீவுகளுக்குப் பிடியளவே எஞ்சும். கரையில் வாழ்வார் சிலரே என்பதனால் கடலைத் தடுக்கும் சுவரின் உயரம் குறைந்துவிடுமோ?

இடர் மிக்கார்க்கும் தாமே தாங்கும் ஆற்றல் இல்லார்க்கும் முன்னுரிமை தருக என்பது மூன்றாவது முறை. 2015 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, மிகப் பின்தங்கிய நாடுகளையும் சிறு தீவு நாடுகளையும் எடுத்துக்காட்டாகக் குறித்து, இந்நெறியையே வற்புறுத்துகின்றது. அந்நாடுகளின் வரிசையில் இந்தியா இல்லை. இராசிபுரத்து மானாவாரி உழவனின் வறட்சி, ஆப்பிரிக்க உழவனின் வறட்சியினும் இனியதோ என நம்மவர் வினவுதல் இயல்பே. வானம் பொய்க்கும்போது நாட்டின் பெயரைக் கேட்டுப் பொய்ப்பதில்லை.

எனினும் நம் ஜில்லாவிலேயே விடை காணலாம். மேட்டூர் அணையின் உபரிநீரைச் சரபங்கா வழியாக ஏற்றி, வறண்ட நூறு ஏரிகளை நிரப்பும் திட்டம் 565 கோடி ரூபாய் மதிப்பீட்டில் எடுக்கப்பட்டு, அதன் முதற்பகுதி 2021 இல் தொடங்கிவைக்கப்பட்டது. இவ்வொரு திட்டத்தின் தொகையே, அவ்வாண்டு நிதியம் ஒரு நாடு முழுமைக்கும் விதித்த வரம்பினும் மூன்று மடங்கிற்கு மேற்பட்டது. அதனை ஈந்தது நம் சொந்தக் கருவூலம். அத்தகைய கருவூலமில்லாத நாட்டின் உழவனுக்கு வெளியுதவி ஒன்றே கதி. ஆகலின், துயரம் ஒத்ததாயினும் துணையின்மை ஒத்ததன்று. துணையற்றோன் முன்னிற்றலே நீதி என்பது நம் துணிபு.

இத்துணிபுக்கு மூன்று வரம்புகள் வேண்டும். முதலாவது, விண்ணப்பம் எழுதுந்திறன் தகுதியாகிவிடலாகாது. தேர்ந்த அலுவலரும் கணக்கரும் உடைய நாடு நிதியை எளிதிற் பெறும். நம் நபார்டு வங்கி 2012 இலேயே தகவமைப்பு நிதியத்தின் ஏற்பைப் பெற்று, தமிழ்நாட்டிலும் இராஜஸ்தானத்திலும் நீர்வடிப்பகுதிகளைக் காக்கும் திட்டத்துக்குப் பொருள் பெற்றது. அவ்வாற்றல் இல்லாத நாட்டுக்கு முதலில் அதனைக் கற்பிக்கவேண்டும். இரண்டாவது, ஏழையின் பெயரால் வாங்கிய பொருள் ஏழையின் நிலத்தையே சென்றடைதல் வேண்டும். ஆழ்துளைக் கிணறுடையான் மேலும் ஆழப்படுத்திக்கொள்ள, கூலியாள் வேலையின்றி ஊர்விட்டகல்வானாயின், நாடுகளிடை நாம் கோரிய நீதியை நம் ஊரெல்லையில் நாமே மறுத்தவராவோம். மூன்றாவது, ஒரு பிடி சோற்றுக்கு ஏழைகள் தம்முள் வழக்கிட, பன்னிருவர்க்குச் சோறளிக்கக் கடமைப்பட்டோர் வாளாவிருத்தல் கூடாது. பங்கீட்டு ஆராய்ச்சி அன்னோர் கடனைத் தள்ளுபடி செய்யும் சீட்டன்று.

1877 இல் அளவுகோல் பிழைத்தமையால் நேர்ந்ததை நம் ஜில்லாவின் குடிமதிப்பு ஏடுகள் இன்றும் காட்டி நிற்கின்றன. நாளை அரசாங்க அலுவலிலும் வங்கியிலும் பொதுப்பணியிலும் அமர்ந்து பொதுப்பொருளை அளக்கப்போகும் மாணவ நண்பர்கள், தம் கையிலுள்ள அளவுகோல் யாரை நோக்கி அளக்கின்றதென்பதை இப்பொழுதே சிந்திப்பார்களாக.