ஒரே கதவு, இருநூறு வாசல்

ஒரு மருத்துவமனையின் தளவரைபடம் ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளில் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வார்டு, ஆய்வகம், மருந்துக் கிடங்கு, கழிப்பறை என்று எங்கு பார்த்தாலும் கதவுகள். மொத்தம் இருநூறு. எல்லாம் வரைந்து முடித்த பிறகு, கதவுக் குறியீட்டில் நிலையின் தடிமனும் தெரிய வேண்டும் என்கிறார் கட்டடக் கலைஞர். வரைவாளர் இன்ஸர்ட் கட்டளையைக் கட்டளைவரியில் கொடுத்து, பழைய கதவு பிளாக்கின் (பெயரிட்டுச் சேமித்து வைத்த வடிவத்தின்) பெயர், ஒரு சமக்குறி, புதிய கதவு வரைந்திருக்கும் கோப்பின் பெயர் என்று தட்டுகிறார். இந்தப் பெயரில் பிளாக் ஏற்கெனவே இருக்கிறது, மறுவரையறை செய்யட்டுமா என்று மென்பொருள் கேட்கிறது. ஆம் என்கிறார். அதை எங்கே வைக்க வேண்டும் என்ற கேள்வி அடுத்து வருகிறது. அதற்குப் பதில் சொல்லாமல் எஸ்கேப் விசையை அழுத்திவிடுகிறார்.

புதிதாக ஒரு கதவுகூட எங்கும் வைக்கப்படவில்லை. ஆனால் இருநூறு கதவுகளும் மாறிவிட்டன.

வரைபடக் கோப்பு உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் இது புரியும். ஆட்டோகேட் வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் வடிவில் சேமித்தால், அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து படிக்கலாம். அதில் பிளாக்குகளுக்கு என்று தனியாக ஒரு பகுதி உண்டு. கதவின் பலகையைக் காட்டும் கோடு, கதவு திறக்கும் பாதையைக் காட்டும் கால்வட்ட வில் இரண்டும் அங்கே ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருக்கும். வரைபடத்தின் உருப்படிகள் அடங்கிய பகுதிக்கு வந்தால், கதவு என்று நாம் நம்பிய ஒவ்வொரு இடத்திலும் இருப்பது ஒரு சிறு குறிப்புதான். 2 என்ற குறியெண்ணின் கீழ் பிளாக்கின் பெயர். 10, 20, 30 ஆகியவற்றின் கீழ் அது நிற்கும் இடம். 41, 42, 43-இன் கீழ் மூன்று திசைகளிலும் அளவுப் பெருக்கம். 50-இன் கீழ் எத்தனை பாகை திருப்ப வேண்டும் என்பது. கோடும் வில்லும் அங்கே கிடையாது. திரையில் காட்டவோ தாளில் அச்சிடவோ வேண்டி வரும்போது, மென்பொருள் பெயரைப் பார்த்து, வரையறையைத் தேடி எடுத்து, திருப்பி, நகர்த்தி, அந்த இடத்தில் வரைந்து காட்டுகிறது.

முறுக்கு அச்சை மாற்றினால் இனிப் பிழியும் முறுக்குதான் மாறும். தட்டில் ஏற்கெனவே இருப்பது மாறாது. பிளாக் அப்படிப்பட்ட அச்சல்ல. தட்டில் இருப்பதையும் சேர்த்து மாற்றுவது அது.

கையால் வரைந்த காலத்தில் வார்ப்புரு இருந்தது. கதவு, கழிவறைக் கோப்பை, மேசை போன்ற வடிவங்களை வெட்டியெடுத்த பிளாஸ்டிக் தகட்டை டிரேசிங் தாளின் மேல் வைத்து, மைப்பேனாவால் சுற்றி வரைவார்கள். வேலையை அது வேகமாக்கியது, உண்மைதான். திருத்தம் வந்தால் மட்டும் தப்ப வழியில்லை. ஒவ்வொரு கதவாகப் பிளேடு முனையால் மையைச் சுரண்டி, தாளைத் தேய்த்துச் சமனாக்கி, மறுபடி வரைய வேண்டும். வார்ப்புருவுக்கும் தாளில் வரைந்த கோட்டுக்கும் வரைந்து முடித்த நொடியிலேயே உறவு அறுந்துவிடுகிறது. அந்த உறவை அறுக்காமல் வைத்துக்கொள்ள முடியும் என்று ஒருவருக்குத் தோன்றியதுதான் இந்தக் கதையின் திருப்பம்.

அவர் ஐவன் சதர்லாண்ட். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து லிங்கன் ஆய்வகத்தில் டிஎக்ஸ்-2 என்ற கணினி இருந்தது. அதன் திரையில் ஒளிப்பேனாவால் நேரடியாக வரையும்படி ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதி, 1963-இல் அதையே முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்தார். அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டியவர் தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன். கணினிகள் துளையட்டையில் எண்களை வாங்கி எண்களைத் திருப்பித் தந்துகொண்டிருந்த காலம் அது. ஸ்கெட்ச்பேடில் மூலப்படம் ஒன்று இருக்கும். அதன் நேர்வுகள், அதாவது அதைச் சுட்டும் பிரதிகள், எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஒவ்வொரு நேர்வுக்கும் கணினி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை நான்கே எண்கள்: இடத்துக்கு இரண்டு, அளவையும் சுழற்சியையும் சேர்த்துச் சொல்ல இரண்டு.

ஆய்வேட்டின் தொடக்கத்திலேயே அவர் காட்டும் எடுத்துக்காட்டு அறுகோணம். ஒன்றை வரைந்து, அதை அடுக்கி அடுக்கித் தேன்கூடு போன்ற ஒரு பரப்பை உண்டாக்குகிறார். பிறகு மூலப்படத்தை மட்டும் அறுகோணத்திலிருந்து அரைவட்டமாக மாற்றினால், பரப்பு முழுவதும் மீன் செதிலாகிவிடும். இன்றைய வரைவாளர் பிளாக்கை மறுவரையறை செய்யும்போது நடப்பது அச்சு அசலாக இதேதான். கணினி வரைகலையின் முதல் பெரும் படைப்பிலேயே இது பிறந்துவிட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பு. கோட்டை வேகமாகப் போடுவதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒரு வடிவத்தை ஒரு முறை மட்டுமே சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டார். 1988-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

ஆட்டோகேட் 1982-இன் இறுதியில் வெளிவந்தது. நினைவகத்தைக் கிலோபைட்டில் எண்ணிய மேசைக் கணினிகள் அன்று இருந்தவை. இருநூறு கதவுகளின் கோடுகளைத் தனித்தனியாகச் சுமப்பதைவிட ஒரு வரையறையும் இருநூறு சிறு குறிப்புகளும் மிகக் குறைந்த இடத்தில் அடங்கின. இன்று நினைவகம் தாராளம். ஆனாலும் பிளாக் ஓய்வு பெறவில்லை. மாறாக, மென்பொருளின் அடித்தளத்துக்கே போய்விட்டது. நாம் வரையும் ‘மாடல் ஸ்பேஸ்’ என்ற வெளிகூட ஆட்டோகேட் கோப்புக்குள் ஒரு பிளாக்காகத்தான் பதிவாகியிருக்கிறது. நீள அகல அளவுகளைக் காட்டும் ஒவ்வோர் அளவுக்கோடும் பெயரிடப்படாத ஒரு பிளாக்கை ஒளித்து வைத்திருக்கிறது. பிளாக்குக்குள் பிளாக் வைக்கலாம்: கைப்பிடி கதவுக்குள், கதவு அறைக்குள், அறை மாடிக்குள். ஒன்றே ஒன்றுக்குத் தடை. எந்தப் பிளாக்கும் தன்னையே தனக்குள் வைத்துக்கொள்ள முடியாது. வைத்தால், அதை விரித்து வரைவது முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும்.

இருநூறு இடத்தை ஒரே அடியில் திருத்தும் வசதி, இருநூறு இடத்தை ஒரே அடியில் கெடுக்கவும் கூடியது. வரையறை மாறும்போது அந்தச் சிறு குறிப்புகள் மாறுவதில்லை என்பதிலிருந்துதான் சிக்கல்கள் எல்லாம் கிளம்புகின்றன. பழைய கதவுக்குப் பிடிப்புப்புள்ளி, அதாவது வைக்கும்போது பிடிக்கும் புள்ளி, கீல் இருக்கும் மூலை. புதியதை வரைந்தவர் அதைக் கதவின் நடுவில் வைத்துவிட்டார் என்றால், எல்லாக் கதவுகளும் பாதிக் கதவு அகலத்துக்கு நகர்ந்து சுவருக்குள் நுழைந்துவிடும். புதியது அங்குலத்தில் வரையப்பட்டு, வரைபடம் மில்லிமீட்டரில் இருந்தால், 36 அங்குலக் கதவு 36 மில்லிமீட்டராக எறும்பு வாசல்போலச் சுருங்கிவிடும். சில அலுவலகங்களில் கதவை ஓர் அலகு அகலத்தில் வரைந்து வைத்துக்கொண்டு, வைக்கும்போது 900 மடங்கு பெருக்கி 900 மில்லிமீட்டர் கதவாக்குவார்கள். அந்த இடத்தில் உண்மை அளவில் வரைந்த 900 மில்லிமீட்டர் பிளாக்கை மறுவரையறையாகக் கொடுத்தால், குறிப்பில் இருக்கும் 900 மடங்கு அதையும் பெருக்கும். கதவின் அகலம் 810 மீட்டர் ஆகும்.

கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிய கதவும் இதே கணக்கில்தான் நிற்கிறது. இடப்பக்கம் திறக்கும் கதவை வலப்பக்கம் திறக்க வைப்பது அளவுப் பெருக்கத்துக்கு முன்னால் உள்ள ஒரு கழித்தல் குறி. அதனால் ஒரே வரையறை இரண்டு வகைக் கதவுக்கும் போதும். புதிய வரையறைக்குள் யாராவது எழுத்தைச் சேர்த்தால், திருப்பிய கதவுகளில் அந்த எழுத்தும் கண்ணாடிப் பிம்பமாகத் தெரியும்.

பலரைத் திகைக்க வைப்பது பண்புகளின் நடத்தை. கதவு எண், தீத்தடுப்பு நேரம், பூட்டின் வகை போன்ற விவரங்களைப் பிளாக்கோடு சேர்த்து வைக்கலாம். இவற்றின் மதிப்பு வரையறையில் இல்லை. ஒவ்வொரு கதவின் குறிப்போடும் தனித்தனியாக இருக்கிறது. ஆகவே மறுவரையறை செய்தால் கோடுகள் உடனே மாறும், பண்புகள் பழைய இடத்திலேயே பழைய வடிவில் நிற்கும். புதிதாகச் சேர்த்த பண்பு பழைய கதவுகளில் எட்டிப் பார்க்காது. அட்சிங்க் என்ற கட்டளை அவற்றை வரையறையோடு ஒத்திசைக்கிறது. ஆனால் சுவரில் மோதாமல் கையால் நகர்த்தி வைத்த எண்கள்கூட அப்போது வரையறை சொல்லும் இடத்துக்கே திரும்பிப் போய்விடும். இது குறையல்ல. 101-ஆம் அறையின் கதவு எண் 101 என்பது அந்த ஒரு கதவைப் பற்றிய செய்தி. கதவு என்ற வடிவத்தைப் பற்றிய செய்தி அல்ல. இரண்டையும் பிரித்து வைத்தவர்கள் சரியாகவே யோசித்திருக்கிறார்கள்.

மறுவரையறைக்குப் பக்கத்தில் இன்னொரு செயல் இருக்கிறது: ஒரு பிளாக்கின் இடத்தில் வேறொரு பிளாக்கை வைப்பது. திரையில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மறுவரையறையில் பெயர் நிற்கிறது, பெயருக்குரிய வடிவம் மாறுகிறது. மாற்றிவைப்பதில் வடிவங்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. குறிப்பில் உள்ள பெயர் மாறுகிறது, இடமும் கோணமும் தொடர்கின்றன. ஆட்டோகேடின் எக்ஸ்பிரஸ் கருவிகளில் பிளாக்ரீபிளேஸ் என்ற கட்டளை இதைச் செய்கிறது. 2024 பதிப்பில், நாம் தேர்ந்தெடுத்த பிளாக்குகளுக்குப் பதிலாக எவற்றை வைக்கலாம் என்று மென்பொருளே பரிந்துரைக்கவும் தொடங்கியது.

எப்போது எதைச் செய்வது? அதே கதவைத்தான் வரைகிறோம், வரையும் விதம் மட்டும் மாறுகிறது என்றால் மறுவரையறை. வேறு கதவு வேண்டும் என்று முடிவாகியிருந்தால் மாற்றிவைத்தல், அதுவும் புதிய பெயரோடு. 900 மில்லிமீட்டர் என்று பெயர் வைத்த பிளாக்குக்குள் அவசரத்துக்கு 1000 மில்லிமீட்டர் கதவை நுழைத்துவிட்டால் வரைபடம் அன்றைக்குச் சரியாகத்தான் இருக்கும். பிறகு ஒருவர் பெயரை வைத்துக் கதவுப் பட்டியலை எடுப்பார். பட்டியலைப் பார்த்துத் தச்சுப் பட்டறைக்கு ஆர்டர் போகும். பொய் சொன்ன பெயர் மரமாகி வந்து நிலையில் பொருந்தாமல் நிற்கும். படிக்கட்டுக் கதவுகளை மட்டும் தீத்தடுப்புக் கதவாக்க வேண்டிய இடத்தில் மறுவரையறை செய்தால், கழிப்பறைக் கதவும் தீத்தடுப்புக் கதவாகிவிடும்.

ஒரு வரைபடத்தில் ஒரு பெயருக்கு ஒரு பொருள்தான் இருக்க முடியும். இதனால் இன்னொரு தொல்லையும் உண்டு. வேறொருவரின் வரைபடத்திலிருந்து கதவை நகலெடுத்து நம் வரைபடத்தில் ஒட்டும்போது, அதே பெயரில் இங்கே ஒரு பிளாக் இருந்தால், வந்த வடிவம் வாசலோடு நின்றுவிடும். நம்முடையதே வென்று நிற்கும்.  டோர்1, டோர்2 என்று ஆளாளுக்குப் பெயர் வைக்கும் பழக்கத்துக்கு இதுதான் விலை. பிளாக்கின் பெயரில் 255 எழுத்துகள் வரை இருக்கலாம்; தெளிவாகப் பெயர் வைக்க இடம் தாராளம்.

இந்த ஏற்பாடு கட்டட வரைபடத்தோடு நின்றுவிடவில்லை. சில்லு வடிவமைப்பில் பல்லாண்டுகளாகப் புழங்கும் ஜிடிஎஸ்-2 என்ற கோப்பு வடிவம் 1970-களில் கால்மா என்ற அமெரிக்க நிறுவனத்தில் உருவானது. அதிலும் வரையறை ஒன்று, அதைச் சுட்டும் குறிப்புகள் பல. இத்தனை வரிசை, இத்தனை பத்தி, இடைவெளி இவ்வளவு என்று ஒரே குறிப்பில் ஒரு பெரும் அடுக்கையே சொல்லிவிடலாம். ஒரு பிட்டைத் தாங்கும் நுண்சுற்றை ஒரு முறை வரைந்தால், கோடிக்கணக்கான பிட்டுகள் கொண்ட நினைவகச் சில்லின் படம் அதிலிருந்து விரிகிறது. அந்த ஒன்றில் ஒரு கம்பியை நகர்த்தினால் அத்தனை கோடியிலும் நகர்கிறது.

வரைகலை கற்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிளாக் ஒன்று சொன்னபடி கேட்காதபோது எக்ஸ்ப்ளோட் கட்டளையால் அதை உடைத்துக் கோடுகளாக்கிவிடத் தோன்றும். உடைக்காதீர்கள். உடைத்த கதவு அந்த நொடியிலிருந்து கதவு அல்ல. எண்ணிக்கையில் வராது, அடுத்த மறுவரையறை அதைத் தொடாது, இருநூறில் ஒன்று மட்டும் பழைய வடிவத்தில் தங்கிவிடும். அதற்குப் பதில் பிளாக் எடிட்டரைத் திறந்து, பிடிப்புப்புள்ளி எங்கே, அலகு என்ன, பெயர் உண்மையைச் சொல்கிறதா என்று பாருங்கள். திருத்தும் முன் கோப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வரைபடத்தைத் திறப்பவர் உங்கள் பெயர்களை நம்பித்தான் வேலை செய்யப்போகிறார்.