அமைதியாகத் தோன்றும் நீர்

பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கே, ஜிரோந்து முகத்துவாரத்திலிருந்து அதூர் ஆறு கடலொடு கலக்கும் இடம் வரையில், ஏறத்தாழ 230 கிலோமீற்றர் நீளத்துக்கு மணற்கரை கிடக்கின்றது. பின்னே பைன் மரக்காடு. முன்னே அத்திலாந்திக் சமுத்திரம். அக்கரையோரச் சிற்றூர்களுள் கொன்ரிஸ் என்பது ஒன்று. லாந்து மாவட்டத்தின் ஒரேயொரு வெளிச்சவீடு 1863ஆம் ஆண்டு தொட்டு இங்கே நிற்கின்றது. கோடை விடுமுறையில் குடும்பங்கள் திரளாக இக்கடற்கரைக்கு வருவதுண்டு.

அலை உயர்ந்தெழுந்து வெண்ணுரை கக்கும் இடத்தைக் கண்டால் எவரும் அஞ்சுவர். சற்று அப்பால் நீர் குளம்போல அசைவின்றிக் கிடக்கும். "பிள்ளைகள் கால் நனைக்க ஏற்ற இடம் இதுவே" என்று பெற்றோர் துவாயை விரிப்பது அங்கேதான். அவ்வளவு நயமான வஞ்சகம் வேறில்லை!

அக்குளத்துக்குப் பெயர் 'பாயின்'. கஸ்கோன் மொழியில் சிறு தொட்டி என்று பொருள்படும். கரைக்கும், எதிரேயுள்ள மணல் திட்டுக்கும் இடைப்பட்ட பள்ளம் அது. திட்டின்மேல் உடையும் அலைகள் நீரை ஓயாது உள்ளே தள்ளுகின்றன. அந்நீர் வந்த வழியே மீள இயலாது, திட்டின் முனையிலுள்ள வாய்க்காலைத் தேடி ஓடிக் கடலுக்குள் பாய்கின்றது. வாய்க்கால் ஆழமானதாகையால் அங்கே அலை உடைவதில்லை. மேற்பரப்பு சாந்தமாகத் தோன்றும். கடல் வற்றியிருக்கும் வேளையை ஒட்டி இவ்வோட்டம் வலுப்பெறும். இடுப்பளவு நீரில் நின்றவரும் கால் பாவாது இழுபடுவதுண்டு.

இவ்வோட்டம் எவரையும் அடியில் அமிழ்த்துவதில்லை. வெளியே கொண்டு செல்கின்றது, அவ்வளவே. கரையை நோக்கி நேரே எதிர்நீச்சலிட்டுக் களைத்துப் போவதே நீந்த வல்லவரையும் மாய்க்கின்றது. ஆகவே, மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி அசைத்து உதவி கோருதல் வேண்டும். ஓட்டம் தளர்ந்தபின் பக்கவாட்டாகச் சென்று, அலை உடையும் இடத்தை அடையலாம். நுரை காணும் இடம் ஆழங்குறைந்த திட்டன்றோ? அங்கிருந்து அலைகளே கரைப்பக்கம் தள்ளும். கரையில் நிற்பவர் ஆத்திரத்தில் தாமும் பாய்ந்துவிடாது, உயிர்காப்பாளரை அழைத்தல் வேண்டும். அவர் இல்லாவிடில் 112, அல்லது கடல் மீட்புக்குரிய 196 என்னும் தொலைபேசி இலக்கம்.

காவலுள்ள பகுதியின் இரு எல்லைகளிலும், மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான கொடிகள் நாட்டப்படும். 2022க்கு முன்னர் இவை நீலக் கொடிகளாயிருந்தன. பழைய நினைவோடு செல்வோர் இதனைக் கவனிக்க. காவற் கம்பத்தில் பச்சைக் கொடி பறந்தால் குளிக்கலாம்; மஞ்சளாயின் எச்சரிக்கை; சிவப்பாயின் நீரில் இறங்கலாகாது. கொடியே இல்லையெனில் காவல் இல்லை என்பதே பொருள்; ஆபத்து இல்லை என்பதன்று.

காற்றடைத்த மெத்தையைக் கடலுக்குக் கொண்டு செல்லவே வேண்டாம். தரைக்காற்று சிறிது வீசினும் அது பிள்ளையோடு விலகிப் போய்விடும். துடுப்பு வலிக்க ஆசையுள்ளவர்க்கு, காட்டினூடே ஊர்ந்துவரும் கொன்ரிஸ் சிற்றாறு இருக்கின்றது. அதிலும் முகத்துவாரத்தை நெருங்குமுன் கரையேறிவிடுதல் நன்று.

கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பிள்ளைகளை மணல்மேட்டின் உச்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். வெளிறிய திட்டுகளுக்கிடையே கருநீலமாகத் தெரியும் பாயின்களை அவர்களே எண்ணிச் சொல்லட்டும். அதன்பின் துவாயை எங்கே விரிப்பதென்று தீர்மானிக்கலாம்.